நம் ஆலயக் கடிகாரம் மீண்டும் பேசிய வரலாறு



இப்பொன்விழா மலரில் நம் ஆலயம் எழும்பிய வரலாறும், இங்கே பணியாற்றிய தந்தையரின் வரலாறும், பக்த சபைகளின் வரலாறும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. இவற்றிடையே ஒரு கடிகாரத்திற்கும் வரலாறு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சென்ற ஐப்பசி மழையில் மணிக்கூண்டுக் கடிகாரம் நின்றதையும், கிறிஸ்மஸ் இரவில் அது மீண்டும் ஒலித்ததையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இடையில் நடந்ததை முழுவதும் அறிந்தவர் மிகச் சிலரே. எழுதி வைக்காவிட்டால் என்ன நட்டம் வரும் என்பதை அந்தக் கடிகாரமே நமக்குக் கற்பித்துவிட்டது. ஆகவே எழுதுகிறோம்.

மணி என்னும் சொல்

கோபுரத்தில் தொங்குவதை மணி என்கிறோம். "மணி என்ன?" என்று நேரத்தையும் அதே சொல்லால் கேட்கிறோம். ஆங்கிலத்தாரின் 'கிளாக்' என்னும் சொல்லும், மணியைக் குறிக்கும் 'கிளோக்கா' என்ற பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. நேரம் முதலில் கண்ணுக்குக் காட்டப்படவில்லை, காதுக்கே சொல்லப்பட்டது என்பதற்கு இரு மொழிகளும் சாட்சி.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். நீர்க்கடிகையைப் பார்த்துப் பாசறையில் அரசனுக்குப் பொழுது சொன்ன பொய்யாத மாந்தரைப் பற்றி முல்லைப்பாட்டு பேசுகிறது. எண்ணுவதற்கு ஒரு கருவி, அதைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு மனிதன் என்ற இந்த ஏற்பாடுதான் பல நூற்றாண்டுகள் உலகெங்கும் நிலவியது.

திருச்சபையில் இப்பொறுப்பு ஒரு புனிதக் கடமையாகவே கருதப்பட்டது. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், இறைபுகழ்ச்சிக்குரிய வேளையை இரவிலும் பகலிலும் அறிவிப்பது மடாதிபதியின் பொறுப்பு என்றும், அவர் அதை வேறொருவரிடம் ஒப்படைத்தால் அவர் கவனமுள்ள சகோதரராய் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். அந்தக் கவனமுள்ள சகோதரரின் வழித்தோன்றலே நம் கோவில்பிள்ளை எனலாம்.

மாலை மணி ஒலிக்கும்போது மும்முறை மங்கள வார்த்தைச் செபம் சொல்லும் வழக்கத்தை 14-ஆம் நூற்றாண்டில் பாப்பிறை 22-ஆம் அருளப்பர் ஊக்குவித்தார். 1456-இல் பாப்பிறை மூன்றாம் கலிஸ்துஸ் நண்பகல் மணியையும் செபத்தையும் கட்டளையிட்டார். காலை மணியும் சேர்ந்து, பிற்காலத்தில் அதுவே திரிகால செபமாக உருப்பெற்றது. வயலில் நின்றவனும், வலை இழுத்தவனும், அடுப்படியில் நின்றவளும் கடிகாரத்தைப் பாராமலே ஒரே நேரத்தில் செபித்தார்கள்.

கொல்லன் மகன் செய்த கடிகாரம்

பற்சக்கரங்களால் ஓடும் கடிகாரங்கள் ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. இங்கிலாந்தில் சாலிஸ்பரி பேராலயத்துக் கடிகாரம் 1386-ஐச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடிப்பதொன்றே அதன் வேலை.

இக்காலத்தவருள் நம் மனத்தைக் கவர்ந்தவர் புனித ஆல்பன் மடத்தின் அதிபர் ரிச்சர்டு. வாலிங்போர்டு என்னும் ஊரில் ஒரு கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, துறவியரின் ஆதரவில் ஆக்ஸ்போர்டில் கற்றவர். 1327-இல் மடாதிபதியானார். தொழுநோய் அவரைப் பற்றியது. ஆயினும் ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் ஓட்டத்தையும் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். மடத்துக்கு வந்த மூன்றாம் எட்வர்டு மன்னன், இடிந்த ஆலயத்தைப் பழுதுபார்க்காமல் கடிகாரத்துக்குச் செலவிடுவதைக் கண்டித்தானாம். 'எனக்குப் பின் வருகிறவர்கள் கட்டடத்தைப் பழுதுபார்க்க முடியும். இந்தக் கடிகாரத்தை முடிக்க அவர்களால் இயலாது' என்ற பொருள்பட அவர் மறுமொழி சொன்னதாக மடத்து வரலாறு கூறுகிறது.

1336-இல் அவர் இறந்தார். கடிகாரம் அதன்பின் முடிக்கப்பட்டது. 1539-இல் எட்டாம் என்றி மன்னன் காலத்தில் அந்த மடம் கலைக்கப்பட்டது, கடிகாரமும் பின்னர் அழிந்தது. ஆனால் அதன் சக்கரங்கள் எத்தனை, பற்கள் எத்தனை என்று அவர் எழுதி வைத்த குறிப்பு அழியவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அக்கையெழுத்துப் படியை ஆராய்ந்து அக்கடிகாரத்தை மீண்டும் அமைத்தார்கள். இத்தாலியில் ஜொவான்னி தோந்தி என்ற மருத்துவர் 1364-இல் செய்து முடித்த வானக் கடிகாரத்தின் கதையும் இதுவே. கருவி போயிற்று, எழுத்து நின்றது, எழுத்திலிருந்து கருவி மீண்டும் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இதுவே திறவுகோல்.

பழுதுபார்க்கும் கையின் பெருமைக்கும் திருச்சபை வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி 1601-இல் பெய்ஜிங் நகரை அடைந்து, சீனப் பேரரசர் வான்லிக்குக் கடிகாரங்களைக் காணிக்கையாக அளித்தார். அவற்றை ஓட்டவும் பேணவும் அரண்மனையில் எவருக்கும் தெரியவில்லை. அரண்மனை ஊழியர் சிலருக்கு ரிச்சியும் அவருடைய தோழரும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்நியருக்கு எளிதில் திறவாத அந்நகரில் அவர்கள் நிலைத்திருக்க அக்கடிகாரங்களும் ஒரு காரணமாயின.

ஊசலிலிருந்து சிப் வரை

1656-இல் ஆலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஐகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். அதுவரை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிழைத்த கடிகாரங்கள், அதன்பின் கால் நிமிட அளவே பிழைத்தன. 1880-இல் கியூரி சகோதரர்கள், சில படிகக் கற்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று கண்டனர். அப்படிகத்திற்கு மின்சாரம் ஊட்டினால் அது சீராகத் துடிக்கும். இதைக்கொண்டு 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஆக்கினார். 1969 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று சுவர்க் கடிகாரங்களுக்குள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. ஏன் இந்த விந்தையான எண்? அதைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, 15 முறை செய்து பாருங்கள். சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றே ஒரு நொடி.

எண்ணுவதற்குப் படிகம் வந்தது. எண்ணியதைப் பார்த்து மணியடிக்கும் கோவில்பிள்ளையின் வேலைக்கு வந்தது மைக்ரோ கன்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்பாட்டுச் சிப். கணக்கிடும் பகுதி, நினைவுப் பகுதி, வெளியே கட்டளையிடும் பகுதி மூன்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கியது இது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980-இல் இன்டெல் நிறுவனத்தின் 8051 வந்தது. அதன் வழிவந்த 89சி51 என்ற சிப் நம் நாட்டில் பாலிடெக்னிக் மாணவர் பலர் கற்றுப் பழகியது. நாற்பது கால்கள் உடைய கறுப்புப் பூரான் போலிருக்கும். அதன் நினைவில் 4,096 எழுத்தளவே கொள்ளும், சிறு செபப்புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கம் போல. அந்த இரண்டு மூன்று பக்கத்தில் எழுதியிருப்பதை அது இரவும் பகலும் அலுப்பின்றிச் செய்துகொண்டிருக்கும்.

இங்கே பழைய கடிகாரத்துக்கும் புதியதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உடைந்த பற்சக்கரத்தைக் கையில் எடுத்தால் கொல்லன் பல்லை எண்ணி மறுசக்கரம் வெட்டிவிடுவான். இறந்துபோன சிப்பில் எண்ணுவதற்குப் பல் இல்லை. கடையில் புதுச் சிப் கிடைக்கும், ஆனால் அது எழுதப்படாத ஏடு. என்ன செய்ய வேண்டுமென்று யாராவது அதில் எழுதியாக வேண்டும்.

நம் கடிகாரம் நின்றது

நம் மணிக்கூண்டுக் கடிகாரம் வெள்ளி விழாவின் நினைவாக வாங்கப்பட்டது. சிவப்பு விளக்கெண்களால் நேரம் காட்டும், ஒவ்வொரு மணிக்கும் மின்சுத்தியலால் மணியடிக்கும், திரிகால மணியும் திருப்பலி மணியும் தானே அடிக்கும். அது வந்த நாளில் கோவில்பிள்ளை கயிற்றை விட்டார்.

ஐப்பசியில் ஓர் இரவு ஆலயத்துக்கு மிக அருகே இடி விழுந்தது. விடிந்து பார்த்தால் நான்கு எண்களில் ஒன்று மட்டும் கண் கூசும்படி எரிந்தது, மற்ற மூன்றும் இருண்டுகிடந்தன. மணி இல்லை. நம் பங்கில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். (தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார்.) அந்த எண்ணைப் பார்த்ததுமே அவர் சொன்னார்: "ஃபாதர், நாலு எண்ணும் ஒண்ணா எரியறதில்லை. மாறி மாறி எரியும். வேகத்துல நம்ம கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும். ஐ.சி. ஓடாம நின்னுட்டா, நின்ன இடத்து எண் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

பெட்டியைத் திறந்து மின்சாரம் ஐந்து வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தார், வந்தது. சிப்புக்குத் துடிப்புத் தரும் படிகத்தை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. சிப்பின்மேல் விரலை வைத்தவர் சுட்டதும் எடுத்துவிட்டார். "இதான் ஃபாதர். புது ஐ.சி. இருநூறு ரூபாகூட ஆகாது. ஆனா பழைய புரோகிராம் வேணுமே, இருக்கா?"

இருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! பங்கு அலுவலகப் பேழை முழுவதும் தேடினோம். கடிகாரம் வாங்கிய ரசீது இருந்தது, உத்தரவாத அட்டை இருந்தது, திறப்பு விழாப் புகைப்படம் இரண்டு இருந்தன. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஐம்பது ஆண்டுக் குழந்தைகளின் பெயர் ஒன்றுகூட விடுபடாமல் இருக்கும் இதே ஆலயத்தில், நம் மணி எவ்வேளையில், எத்தனை அடி, எவ்வளவு இடைவெளி என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பழைய சிப்பைக் கருவியில் வைத்துப் படித்துப் பார்க்கவும் முயன்றார், அது பேசவில்லை. உயிரோடு இருந்தாலும் பிறர் படிக்காதபடி பூட்டப்பட்டிருக்கக் கூடும் என்றார்.

கடிகாரத்தைச் செய்து தந்தவர்களைக் கேட்டபோது, அந்த வகை இப்போது இல்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொகை சொன்னார்கள். ஆலயக் கூரை ஒழுக்கை அடைக்கவென்று ஒதுக்கிய பணம் முழுவதையும் அது விழுங்கிவிடும். பங்குப் பேரவை கூடியது. விழா ஆண்டில் மணிக்கூண்டு ஊமையாய் நிற்கலாமா, வாங்கிவிடுவோம் என்றனர் சிலர். கைப்பேசி இல்லாத வீடு எது, கடிகாரமே எதற்கு என்றனர் சிலர். மன்னன் எட்வர்டின் கேள்வி நம் பேரவையிலும் எழுந்தது என்று நமக்குள் எண்ணிக்கொண்டோம். முடிவில், கூரைப் பணத்தைத் தொடுவதில்லை, இளைஞருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று தீர்மானமாயிற்று. அதுவரை பீடச்சிறுவர்கள் முறைவைத்துக் கயிறு இழுத்தார்கள். மூன்று அடி நான்கானதும், ஐந்தரை மணி ஐந்தே முக்கால் ஆனதும் நீங்கள் பொறுத்துக்கொண்டவை.

மணி யாரிடம் இருந்தது?

இளைஞர் நம்மிடம் வந்து, "ஃபாதர், நான் எழுதிடறேன். ஆனா நம்ம மணி எப்படி அடிக்கும்னு எனக்கு யாராவது சொல்லணும்" என்றார். தினமும் கேட்ட மணிதான். ஆயினும் நாம் உட்பட எவராலும் திருத்தமாகச் சொல்ல முடியவில்லை. மும்மூன்றாக அடிக்கும் என்று தெரியும். இடையில் எவ்வளவு நேரம்? முடிவில் எத்தனை அடி? ஆளுக்கொன்று சொன்னோம்.

எண்பதைக் கடந்து வீட்டோடு இருக்கும் பழைய கோவில்பிள்ளையிடம் சென்றோம். அவர் சொன்னார்: "சாமி, அன்னைக்கு மிசின் வைக்க வந்தவரு எங்கிட்டதான் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாரு. அந்தக் காகிதம் எங்க போச்சோ. மணி எங்கிட்ட இருக்கு."

நாற்காலியில் அமர்ந்தபடியே இல்லாத கயிற்றை இருகையாலும் பற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. கை நின்றது, உதடு மட்டும் அசைந்தது. மீண்டும் மூன்று. இளைஞர் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டார். உதடு அசைந்த இடைவெளி இருபது நொடி. அதில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டோம். தாம் சிறுவயதில் கற்ற பழைய பிரியதத்த மந்திரத்தைச் சொல்வதாகக் கூறினார். நம் இளைஞர் தாம் சொல்லும் செபத்தை அளந்து பன்னிரண்டு நொடி என்று முன்பே எழுதி வைத்திருந்தார். அப்படி அடித்துக் காட்டியதும் கிழவர் தலையை அசைத்தார். "இது ஓடுது சாமி. மாதாவுக்கு மூச்சு விட நேரமில்லை." இருபது நொடி என்றே எழுதப்பட்டது. நம் திரிகால மணியின் இடைவெளி ஒரு மனிதரின் செபத்தால் அளக்கப்பட்டது என்பதை அன்றுதான் நாம் அறிந்தோம்.

துக்க மணியையும் கடிகாரத்தில் சேர்த்து ஒரு பொத்தான் வைக்கலாமா என்று இளைஞர் கேட்டார். கிழவர் ஒப்பவில்லை. "சாவுக்கு மனுசன் கைதான் அடிக்கணும். செத்தவனுக்காக ஒருத்தன் படியேறி வந்தான்னு இருக்கணும்." அவர் சொன்னபடியே விட்டோம்.

பழைய சிப்பின் கால்களுக்கு ஒத்த 89எஸ்51 என்ற சிப் வாங்கப்பட்டது. பழையது பலகையில் நேரே ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. நாற்பது கால்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, ஈயத்தை உருக்கி எடுத்து, அவ்விடத்தில் ஒரு சாக்கெட்டைப் பொருத்தினார். இனிமேல் ஐ.சி. போனால் பிடுங்கி மாற்றிவிடலாம். புதிய சிப்பில் ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. சிப் இடையிடையே 'நான் விழித்திருக்கிறேன்' என்று குறி காட்ட வேண்டும். தவறினால் காவல் அதை எழுப்பி முதலிலிருந்து ஓடச் செய்யும். விழித்திருங்கள் என்ற ஆண்டவரின் சொல் நம் நினைவுக்கு வந்தது. மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் கருவியும் புதிய எர்த்தும் போடப்பட்டன.

கிறிஸ்மசுக்கு முந்திய மாலை. சிப்பைச் சாக்கெட்டில் அழுத்திவிட்டு இளைஞர் மின்சாரம் கொடுத்தார். நான்கு எண்களும் எரிந்தன. நேரத்தை இனித்தான் திருத்த வேண்டும் என்று நினைத்து எண்களைப் பார்த்தவர் திகைத்தார். யாரும் திருத்தாமலே நேரம் காட்டியது, இரண்டு நிமிடம் மட்டும் பின்தங்கி! அப்பலகையில் நேரத்தை எண்ணுவதற்கென்றே வேறொரு சிறு சிப் உண்டு. காசு அளவுள்ள பேட்டரி ஒன்றில் உயிர் வைத்து, மின்சாரம் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டே இருக்கும். இடியில் அது தப்பிவிட்டது. காட்டுவதற்கு முகமின்றி, அடிப்பதற்கு மணியின்றி, இரண்டு மாதம் இருளில் அது எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. "நம்ம தாத்தா மாதிரி ஃபாதர்" என்றார் இளைஞர். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றிரவு பன்னிரண்டடித்தபோது பழைய கோவில்பிள்ளை பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆலய முற்றத்தில் நின்றார். மறுநாள் நண்பகல் திரிகால மணியையும் அங்கேயே நின்று கேட்டுவிட்டு, "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நம் ஆலய மணி ஒழுங்கு

இவ்வொழுங்கு பங்கின் நாளேட்டிலும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் நாளேடு ஒன்றே, இம்மலரோ உங்கள் வீடுகளுக்கெல்லாம் வருகிறது. ஆகவே இங்கும் பதிக்கிறோம்.

திரிகால மணி: காலை 5.30, நண்பகல் 12, மாலை 6.30. மூன்று அடி, இருபது நொடி மௌனம்; மூன்று அடி, இருபது நொடி மௌனம்; மூன்று அடி, இருபது நொடி மௌனம்; பின்பு தொடர்ந்து ஒன்பது அடி.

திருப்பலி மணி: முதல் மணி அரை மணி நேரத்துக்கு முன், இரண்டாம் மணி கால் மணி நேரத்துக்கு முன், மூன்றாம் மணி திருப்பலி தொடங்கும்போது.

நேர மணி: காலை 6 முதல் இரவு 9 வரை மட்டும். இரவில் நோயாளிகளை முன்னிட்டு அடிப்பதில்லை. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவு மட்டும் விலக்கு.

பெரிய வியாழன் வானவர் கீதம் முதல் பாஸ்காத் திருவிழிப்பின் வானவர் கீதம் வரை எந்த மணியும் இல்லை. இதற்குரிய பொத்தானைக் கோவில்பிள்ளை கையால் அணைக்க வேண்டும், கையால் திறக்க வேண்டும்.

துக்க மணி: எந்நாளும் கயிற்றால் மட்டுமே.

புரோகிராமின் முழு எழுத்தும் தாளில் அச்சிடப்பட்டு, ஒரு படி பங்கு அலுவலகப் பேழையிலும் ஒரு படி மணிக்கூண்டுப் பெட்டியிலும் வைக்கப்பட்டுள்ளது. அதே எழுத்துப் பதிந்த மாற்றுச் சிப் ஒன்றும் உடனிருக்கிறது. எமக்குப் பின் வரும் தந்தையர் இவற்றைக் குப்பையென்று எண்ணிக் கழித்துவிடாதிருக்க வேண்டுகிறோம்.

நிறைவாக ஒரு வார்த்தை. நம் வீடுகளிலும் ஒருவரிடம் மட்டுமே இருப்பவை பல உண்டு. பாட்டி சொல்லும் பழைய செபம், ஒப்பாரி, பாஸ்கு நாடகப் பாட்டு, முதலில் இவ்வூருக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் கதை ஆகிய இவையெல்லாம் இன்று ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடும்வரை எழுதி வைக்கத் தோன்றுவதில்லை. கேட்கக் காது உள்ளபோதே கேட்டு, கை உள்ளபோதே எழுதி வையுங்கள். அடுத்த விழா மலருக்கு நீங்கள் அளிக்கும் காணிக்கை அதுவாக இருக்கட்டும்.

காலங்களின் ஆண்டவர் நம் பங்கை இன்னும் பல்லாண்டு காத்தருள்வாராக.

உங்கள் பங்குத்தந்தை